இருநூறு வீதம்

போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில்
கொம்பனிக்காரன் தந்த பிறிட்ஜ்.
கதவில் மின்னல் கீறின படம்.
கரன்ட் காசு மட்டும் என்னுடையது.

மஃரிப் முடிய கணக்கு வகுப்பு விடும்.
சைக்கிள்கள் வந்து படியில் முட்டும்.
"றாத்தா, பதினேழாம் ஆண்டுப் பேப்பர் ஒண்டு,
ரின் ஒண்டு."
பேப்பருக்குக் காசு தருவார்கள்.
ரின்னுக்கு, "எழுதுங்க."

எழுதினேன்.
கொப்பியின் நடுவில் அம்ஹருக்கு ஒரு பக்கம்.
திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று.
சோதினை நெருங்க நெருங்க
ஒன்று இரண்டாகி
அந்தப் புதன்கிழமை மட்டும் நாலு.
அன்றைக்கு நான் நினைத்தது இவ்வளவுதான்:
பொடியன் நல்லாப் படிக்கிறான்.

சுபஹுக்கு முந்தி அவன் உம்மா
என் கதவைத் தட்டினா,
எங்கட வீட்டு த்ரீவீலைத் தேடி.
நிந்தவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
சட்டைக்கு மேலாலேயே தெரிந்தது
நெஞ்சு துள்ளுவது.
நூற்றி அறுபத்தி நாலு என்றது மெஷின்,
பில் அடிக்கிற மாதிரிக் காகிதத்தைத் தள்ளிக்கொண்டு.

"என்ன குடிச்சவர்?"
"பிளேன்டீதான் மகள்," என்றா உம்மா.
டொக்டர் அவனிடம் குனிந்து,
"எத்தனை?"
அவன் என்னைப் பார்த்தான்.

கொப்பி என் பேக்குக்குள் இருந்தது.
கடன் கேட்டு அலையத்தான் அதைச் சுமக்கிறது.
விரித்துக் கொடுத்தேன்.
என் கோணல் கையெழுத்தை வாசித்து வாசித்து
தன் தாளில் ஏற்றினா டொக்டர்.
புதன், நாலு.
என் கணக்கை ஒருவரும்
இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மறுகா கடைக்கு வந்து
வெறும் ரின் ஒன்றைக் கத்தரிக்கோலால் பிளந்தேன்.
பெருவிரலில் கீறிக்கொண்டது.
தகட்டை நிமிர்த்திக் கண்ணாடியில் கவிழ்த்து
இருநூறு வீதம் பெருப்பித்தேன்.
வெளிச்சம் ஒருக்காப் போய்க் கிறுகி வந்தது.
எறும்பாய் ஊர்ந்த எழுத்து
எருமையாய் வந்து நின்றது:
சிறுவர்களுக்கு உகந்ததல்ல.
மூன்று பாஷையிலும்.
ஒவ்வொரு தரமும் எடுத்துக் கொடுக்கையில்
என் விரலுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது.
அம்ஹருக்குப் பதினஞ்சு.

சனிக்கிழமை ஏஜன்ட் வந்தான்.
"ஓடர் இல்லையா றாத்தா?
அப்ப பிறிட்ஜ எடுக்க வேண்டி வரும்."
யோகட்டும் ஐஸ்பக்கட்டும் அதற்குள்தான்,
மகளின் வகுப்புக் காசும் ஒரு வகையில் அதற்குள்தான்.
"எடுங்க" என்று சொல்ல
எனக்கு ஒரு கிழமை பிடித்தது.
அதையும் எழுதி வைக்கிறேன்:
அந்தக் கிழமையில் பதினொரு ரின் விற்றேன்,
பெரிய ஆக்களுக்குத்தானே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு.
அதில் இரண்டு பேருக்கு மீசை முளைக்கவில்லை.

இப்போது மின்னல் எதிர்க்கடைக் கதவில்.
இங்கே சீமெந்துத் தரையில் வெளுத்த சதுரம்.
பிள்ளைகள் அங்கே குடித்துவிட்டு
இங்கே வந்து பேப்பர் அடிக்கிறார்கள்.
பின்பக்கத்தில் அந்த வரியையும்
பெரிதாக அடித்துக் கொடுக்கிறேன், காசில்லாமல்.
எழுத்துகளுக்கு இடையில் இருக்கும் வெள்ளையில்
அவர்கள் கணக்குச் செய்து பார்க்கிறார்கள்.

நேற்று அம்ஹர் வந்தான், மெலிந்து.
விஞ்ஞானப் பாடம் எழுதாமல் போய்விட்டது.
உம்மாவின் மணிபேர்ஸிலிருந்து
நாலாயிரத்து ஐந்நூற்றம்பதை எண்ணி
மேசையில் வைத்து,
"என்ட பேர வெட்டுங்க றாத்தா" என்றான்.

பேனை என் கையில்தான் இருந்தது.
லாச்சியை இழுத்து,
காகிதக் கட்டுகளைத் தூக்கி,
மெஷினுக்குப் பின்னால் குனிந்து
அதைத் தேடிக்கொண்டே இருந்தேன்.